ஒத்திகையில் ஆன்மாவை விற்றவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஓர் அமெச்சூர் நாடகக் குழுவில் நடந்தது. சம்பந்தப்பட்ட நடிகரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரே ஒருமுறை படித்து இரண்டொரு இடங்களைத் திருத்தியும் கொடுத்தார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்தக் குழுவில் எனக்கு மேடை நிர்வாகம். மருத்துவம் எனக்குத் தெரியாத துறை, ஆகவே அது பற்றி இங்கே வருவது அவருக்குச் சிகிச்சை தந்த மனநல மருத்துவர் எங்களை உட்கார வைத்து விளக்கியதும், பரவலாக அறியப்பட்ட விஷயங்களும்தான். அமானுஷ்யக் கதைகளை மேடையேற்றும் குழுக்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். வீட்டில் ஒருவர் "நான் என்னையே விற்றுவிட்டேன்" என்று நம்ப ஆரம்பித்தால் கூட இருப்பவர்களுக்கும்.

பின்னணி

நாடகம் எங்கள் சொந்த எழுத்து. குரல் போய்விட்ட ஒரு பாடகன், நள்ளிரவில் வரும் அந்நியன், ஒரு ஒப்பந்தம். குரல் திரும்பக் கிடைக்கும், புகழ் வரும், குறித்த நாளில் ஆன்மா அந்நியனுக்குப் போய்விடும். கதையில் புதுமை ஒன்றும் இல்லை. 1587-இல் பிராங்பர்ட்டில் அச்சான ஜெர்மன் கதைப் புத்தகத்திலேயே டாக்டர் ஃபாஸ்ட் தன் ரத்தத்தால் கையெழுத்துப் போட்டுப் பிசாசிடம் 24 ஆண்டுகள் வாங்குகிறார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னால் அதானா ஊர்த் தியோஃபிலஸ் என்ற மதகுரு, இழந்த பதவிக்காகப் பிசாசிடம் எழுதிக் கொடுத்தார் என்று கிறிஸ்தவ உலகத்தில் ஒரு கதை இருந்தது. அதில் மரியன்னை தலையிட்டு அந்தப் பத்திரத்தை மீட்டுக் கொடுக்கிறார்.

இந்தக் கதைகளில் எனக்கு எப்போதுமே விளங்காத ஒன்று உண்டு. அவ்வளவு சக்தி படைத்த பிசாசுக்கு எழுத்து மூலம் எதற்கு? ஆனால் கதைக்கு அந்தக் காகிதம் வேண்டும். காகிதம் இருந்தால்தான் அதை மீட்கலாம், கிழிக்கலாம், எரிக்கலாம். பின்னால் எங்கள் தலையில் விடிந்ததும் இந்தக் காகிதம்தான்.

பாடகனாக நடித்தவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நன்றாகப் பாடுவார், வசனத்தை ஓர் எழுத்து பிசகாமல் சொல்வார், ஒத்திகைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார். அரங்கைப் பூட்டிய பிறகு திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார், சில நாள் இரண்டு தடவை. பொறுப்பான பையன் என்று எங்களுக்கெல்லாம் அதில் சந்தோஷம்தான். கடவுள் நம்பிக்கை உண்டு, ஆனால் அதைப் பற்றி அதிகம் பேசுகிற ஆள் கிடையாது.

ஒத்திகை இடைவேளைகளில் மூத்தவர் ஒருவர் பழைய மேடைக் கதைகளைச் சொல்வார். அதே ஃபாஸ்ட் கதையை வைத்து ஆங்கில நாடகாசிரியர் மார்லோ எழுதிய ஃபாஸ்டஸ் நாடகத்தை இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் போட்டபோது மேடையில் இருக்க வேண்டிய பிசாசுகளைவிட ஒன்று கூடுதலாக இருப்பதைக் கண்டு நடிகர்கள் நாடகத்தையே நிறுத்திவிட்டார்களாம். நூற்றாண்டுகளாக நாடகக்காரர்கள் சொல்லிச் சொல்லி வரும் கதை. நாங்களும் சிரித்தோம். பாடகனாக நடித்தவரும் சிரித்தார்.

கையெழுத்து விழுந்த நாள்

ஆரம்ப ஒத்திகைகளில் ஒப்பந்தக் காட்சி வெறும் பாவனைதான்: கையில் காகிதமும் இல்லை, பேனாவும் இல்லை. மேடைப் பொருள்கள் தயாரானதும் நிஜக் காகிதம் வந்தது. தேயிலைச் சாற்றில் நனைத்துப் பழுப்பாக்கிய தடித்த தாள், ஓரங்களை மெழுகுவர்த்தியில் கருக்கியிருந்தோம், கீழே அரக்கு முத்திரை. சிவப்பு மையில் கொஞ்சம் கோந்து கலந்து வைத்திருந்தோம், எழுதினால் ஈரமாகவே பளபளக்கும். மேடை விளக்கில் ரத்தம் போலவே இருந்தது.

அன்றைக்குக் காட்சி பிரமாதமாக வந்தது. அவர் மண்டியிட்டு, "என்னை எடுத்துக்கொள், குரலைக் கொடு" என்ற வசனத்தைச் சொல்லிவிட்டுச் சரசரவென்று கையெழுத்துப் போட்டார். கதாபாத்திரத்தின் பெயரை எழுதியிருக்க வேண்டும். கைப்பழக்கத்தில் அவருடைய சொந்தக் கையெழுத்தே விழுந்துவிட்டது, தேதி உட்பட. எவரும் கவனிக்கவில்லை. அவர் மட்டும் தாளைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் கூடுதலாக மண்டியிட்டிருந்தார், இயக்குநர் அந்த இடைவெளியைப் பாராட்டினார்.

கவனித்தவை

முதலில் தெரிந்தது வசனத்தில் ஒரு தாமதம். "என்னை எடுத்துக்கொள்" என்றதும் அந்நியனாக நடித்தவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் இவர் உதடு அசைந்து முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெருங்கி நின்று கேட்டால் அடித்தொண்டையில் "இல்லை, இல்லை, இல்லை" என்பது கேட்கும்.

அப்புறம் ஒத்திகையின் வீடியோவை என்னிடம் கேட்டார். நடிப்பைச் சரிபார்க்க என்றுதான் நினைத்தேன். அந்தச் சில நொடிகளை மட்டும் ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார், அந்த வசனத்தைத் தான் 'மனசாரச்' சொன்னோமா நடித்தோமா என்று தன் முகத்தில் தேடியபடி. பார்க்கப் பார்க்கச் சந்தேகம் கூடியது. நல்ல நடிகர் வேறு. முகம் மனசாரச் சொன்னது போலத்தானே இருக்கும்!

பிறகு கேள்விகள் வந்தன. "அண்ணா, சும்மா கேக்கிறேன், நடிக்கும்போது சொன்னா அது கணக்கில வராதில்ல?" வராது என்றேன். நிம்மதியாகப் போனார். மறுநாள் அதே கேள்வி, கொஞ்சம் மாற்றி: "சொல்றப்ப ஒரு செகண்ட் நிஜமாவே ஆசைப்பட்டிருந்தா?" குழுவில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இதைக் கேட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். எதிலும் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டார், பார்சல் வந்தால் தம்பியைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்வார். போனில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்த முடியவில்லை. இதைச் சரிசெய்வதாக நினைத்து நண்பர் ஒருவர் அவரிடம் ஒரு வேடிக்கைச் செய்தியைச் சொன்னார். 2010 ஏப்ரல் 1 அன்று பிரிட்டனின் கேம்ஸ்டேஷன் என்ற வீடியோ கேம் கடை, வாங்குபவரின் அழியாத ஆன்மா தனக்கே சொந்தம் என்று தன் இணைய விதிமுறைகளில் ஒரு வரியை நுழைத்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படிக்காமலே சம்மதித்துவிட்டார்கள். நண்பர் சொல்ல வந்தது 'பார், இதெல்லாம் ஒரு ஜோக்' என்று. இவர் எடுத்துக்கொண்டது 'அப்படியானால் எங்கெல்லாம் சம்மதித்திருக்கிறேனோ' என்று. அன்றிலிருந்து பழைய விதிமுறைகளை எல்லாம் தேடித் தேடி ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தார்.

எங்களுக்கு நிஜமாகவே பயம் வந்தது நல்ல செய்தி ஒன்று வந்தபோது. ரொம்ப நாளாக முயன்ற வேலை அவருக்குக் கிடைத்தது. வீடே கொண்டாடியது, அவர் அறையைச் சாத்திக்கொண்டார். கதைப்படி ஆன்மாவை விற்றவனுக்கு விலை கிடைக்க வேண்டும், விலை வந்துவிட்டது, ஆக விற்பனை உறுதியாகிவிட்டது. யாராவது அவர் பாட்டைப் பாராட்டினாலும் முகம் வெளுத்துவிடும். சாதாரண பயமாக இருந்தால் நல்லது நடக்கும்போதாவது சற்றே தணியும். இந்தக் கதையின் அமைப்பு அதற்கும் வழி விடவில்லை.

முதலில் எடுத்த முடிவு, அதன் காரணம்

குழுவில் இரண்டு கட்சி. இது வெறும் விளம்பர ஸ்டண்ட், கண்டுகொள்ள வேண்டாம் என்று சிலர். அவர்களிடம் நான் சொன்னது ஒரு சோதனையைப் பற்றி. உளவியலாளர் ஜோனதன் ஹைட்டும் உடன் பணிபுரிந்தவர்களும் கல்லூரி மாணவர்களிடம் 'என் ஆன்மாவை 2 டாலருக்கு விற்கிறேன்' என்ற தாளை நீட்டினார்கள். இது சட்டப்படி செல்லாது, சோதனைக்காக மட்டும் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது. அப்படியும் வற்புறுத்தாமல் கையெழுத்துப் போட்டவர்கள் கால்வாசிக்கும் குறைவு. மறுத்தவர்களில் ஆன்மா என்று ஒன்று இருப்பதாக நம்பாதவர்களும் உண்டு. ஏன் என்று கேட்டால் அவர்களிடம் காரணம் இல்லை. எனவே இவர் கை நடுங்குவதைப் பார்த்துச் சிரிக்க எங்களில் எவருக்கும் தகுதி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மற்றவர்கள் உதவ நினைத்தார்கள், அந்தக் கட்சிதான் வென்றது. மூத்த நடிகரின் யோசனை: பிரச்சினை காகிதத்தில் என்றால் காகிதத்தை இல்லாமல் ஆக்கிவிடுவோம். கதைகளில் எல்லாம் அப்படித்தானே தீர்கிறது. ஒரு மாலை எல்லோரும் வட்டமாக நின்று, அவர் கையாலேயே அந்தத் தாளைக் கிழிக்க வைத்து, துண்டுகளை எரித்தோம். அந்நியனாக நடித்தவர், "ஒப்பந்தம் ரத்து, உனக்கும் எனக்கும் ஒரு பாக்கியும் இல்லை" என்று கணீரென்று சொன்னார். இவர் அழுதார், எல்லோரையும் கட்டிக்கொண்டார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியதாகப் பிறகு சொன்னார்.

கிழித்த பிறகு

அந்த நிம்மதி சில நாள்தான் தாங்கியது. காகிதம் வருவதற்கு முன்பு, பாவனையாக நடித்த நாள்களில் காற்றில் போட்ட கையெழுத்து என்ன ஆவது? அதை எப்படிக் கிழிப்பது? ரத்து என்று சொன்னவர் நடிகர்தானே, அவருக்கு என்ன அதிகாரம்? நடிகர் சொன்ன ரத்து செல்லும் என்றால் நடிகனாகத் தான் சொன்ன சம்மதமும் செல்லும்தானே? தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாமல் நாங்கள் விழித்தோம்.

இதற்கு ஒரு முன்னுதாரணம் இருப்பதை மிகவும் பின்னால் அறிந்தேன். 1677-இல் கிறிஸ்தோஃப் ஹைட்ஸ்மன் என்ற ஓவியர், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பிசாசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் கெடு நெருங்குவதாகவும் சொல்லி ஆஸ்திரியாவின் மரியாசெல் திருத்தலத்துக்கு வந்தார். சடங்குகள் நடந்தன, ரத்தத்தில் எழுதிய பத்திரம் திரும்பக் கிடைத்ததாக அறிவித்தார், குணமாகிப் போனார். சில மாதங்களில் மறுபடி வந்து நின்றார்: மையில் எழுதிய இன்னொரு பத்திரம் இருக்கிறதாம், அதையும் மீட்க வேண்டுமாம். 1923-இல் ஃப்ராய்ட் இந்த ஆவணங்களை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஹைட்ஸ்மனுக்குக் காட்சிகள் தெரிந்தன, வலிப்பு வந்தது, எங்கள் நடிகருக்கு அப்படி எதுவும் கிடையாது, ஆகவே இரண்டும் ஒரே நோய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பத்திரத்தை மீட்டதும் இரண்டாவது பத்திரம் முளைத்த அந்த இடத்தைப் படித்தபோது எங்கள் வட்டமும் எரிந்த துண்டுகளும்தான் கண்முன் வந்தன.

அடுத்து வீட்டார் அவரை அவர்கள் மதப் பெரியவர் ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் பொறுமையாகக் கேட்டு, நாடகத்தில் சொன்னது பாவமாகாது என்று தெளிவாகச் சொன்னார். இவர் மறுபடி போனார். மறுபடியும். கடைசியில் அந்தப் பெரியவரே தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் பதில் சொல்லச் சொல்ல இவருக்குக் கேள்வி வளருது. டாக்டரைப் பாருங்க" என்றார். இந்த விவகாரத்தில் முதன்முதலில் சரியாகக் கணித்தவர் அவர்தான்.

இதற்கிடையே அவர் என்னிடம் ஒருமுறை, "ஏற்கெனவே போயிடுச்சுன்னா இனிமே இருந்து என்ன" என்றார். சுற்றி வளைக்காமல், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்டேன். அப்படித் திட்டம் எதுவும் இல்லை, ஆனால் களைத்துவிட்டேன் என்றார். அன்றே வீட்டாரிடம் பேசி, அந்த வாரத்திலேயே மனநல மருத்துவரிடம் போவது என்று முடிவானது. அதுவரை அவரைத் தனியாக விடக் கூடாது என்பதும் சேர்ந்தே முடிவானது.

மருத்துவர் சொன்னது

ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்யும் செயலும் திரும்பத் திரும்ப வந்து ஆட்டும் மனநலக் கோளாறு. அதில் மதம், பாவம், ஒழுக்கம் ஆகியவற்றைச் சுற்றி வரும் வகை. மருத்துவர் முதலில் உறுதி செய்துகொண்டது, இவருக்குக் குரல்கள் கேட்கின்றனவா, யாரோ கட்டளையிடுவதாகத் தோன்றுகிறதா என்பதை. இல்லை. இது அபத்தம் என்று அவருக்கே பாதி நேரம் தெரிந்திருந்தது. தெரிந்தும் விட முடியவில்லை.

கெட்ட எண்ணம் தானாக வந்து விழுவது எல்லோருக்கும் நடப்பது என்று விளக்கினார். 1978-இல் ராக்மனும் டி சில்வாவும் செய்த ஆய்வில், நோய் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கும் நோயாளிகளுக்கு வருவது போன்ற எண்ணங்களே வருவது தெரிந்தது. ஆனால் அவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். ஓசிடி உள்ளவரோ அந்த எண்ணத்தைச் செயலுக்குச் சமமாக எடைபோட்டு, அதை ரத்து செய்ய ஏதாவது செய்கிறார். செய்ததும் கொஞ்சம் ஆறுதல், அந்த ஆறுதலே அடுத்த சுற்றுக்குத் தீனி. "இல்லை இல்லை" என்ற முணுமுணுப்பு, வீடியோ பார்ப்பது, எங்களைக் கேட்பது, தாளை எரித்தது, எல்லாம் ஒரே வரிசை.

விற்பனை என்ற வடிவத்திலேயே இது வருவது புதிது கிடையாது. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் போதகர் ஜான் பன்யன், 1666-இல் வெளியான தன்வரலாற்றில், 'கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு' என்ற எண்ணம் மாதக்கணக்கில் தன்னைத் துரத்தியதையும், மாட்டேன் மாட்டேன் என்று தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டதையும், ஒரு கணம் அயர்ந்தபோது விட்டுக்கொடுத்துவிட்டதாக நினைத்து நெடுங்காலம் வதைபட்டதையும் எழுதியிருக்கிறார். எங்கள் நடிகரிடம் இதைச் சொன்னபோது, "அவருக்கும் அந்த ஒரு செகண்டா?" என்று மட்டும் கேட்டாராம்.

சிகிச்சையும் எங்கள் பங்கும்

மருந்தும் ஈஆர்பி பயிற்சியும் சேர்ந்து நடந்தன. ஈஆர்பி என்பது பயமுறுத்தும் எண்ணத்தை வரவிட்டு, அதைத் தணிக்கும் சடங்கை மட்டும் செய்யாமல் இருக்கப் பழகுவது. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் வெளியிட்ட சிகிச்சை அனுபவங்களிலிருந்து வளர்ந்த முறை. எளிதானது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 'நான் விற்றிருக்கலாம், விற்காமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது, தெரியாமலே சாப்பிடப் போகிறேன்' என்று அவர் தன் கையால் எழுதி, அதைச் சத்தமாகப் படித்து, "இல்லை" என்று மனதுக்குள்கூடச் சொல்லாமல் எழுந்து போக வேண்டும். முதல் தடவை வியர்த்துக் கொட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். பார்சலுக்குக் கையெழுத்து, 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தான், வேலையில் சேரும் கடிதம் என்று படிப்படியாக ஏறினார்கள். அவருடைய நம்பிக்கைக்கு விரோதமான எதையும் செய்யச் சொல்லவில்லை. அதற்காக மருத்துவர் அந்த மதப் பெரியவரிடமே ஒருமுறை பேசி எல்லை எது என்று கேட்டுக்கொண்டார்.

எங்களுக்கு வந்த வேலை ஒன்றுதான், பதில் சொல்லாமல் இருப்பது. அவர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவரோடு சேர்ந்தே முடிவு செய்தோம்: "இது ஓசிடி கேக்கிற கேள்வி. இதுக்குப் பதில் சொல்ல மாட்டேன். ஆனா இங்கதான் இருக்கேன்." கல்நெஞ்சக்காரன் மாதிரி இருக்கும். ஒருவர் கண்ணீரோடு கேட்கும்போது 'ஒன்றும் ஆகாது' என்ற இரண்டு வார்த்தையை விழுங்குவது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். மூத்த நடிகரால் கடைசிவரை முடியவில்லை, அதனால் அவர் இவரிடம் நாடகத்தைத் தவிர வேறு எதையாவது பேசுவது என்று ஏற்பாடு.

நாடகம் என்ன ஆனது

அவர் விலக விரும்பினார். பயத்தில் எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டாம், சற்றுத் தள்ளி வைக்கலாம் என்றார் மருத்துவர். நாடகமே வேண்டாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். அப்படி நிறுத்தினால் அந்தக் காகிதத்துக்கு நிஜமாகவே சக்தி இருந்தது என்று நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும் என்பது என் வாதம். தேதியைத் தள்ளினோம். முதல் காட்சிகளில் பாடகனாக வேறொருவர் நடித்தார், இவர் திரைக்குப் பின்னால் இசை பார்த்துக்கொண்டார். பல மாதங்கள் கழித்து மறுபடி போட்டபோது அவரே கேட்டு அந்த வேடத்தை வாங்கினார். ஒப்பந்தக் காட்சியில் ஒரு வரியும் குறைக்கவில்லை.

எண்ணம் முற்றிலும் போய்விட்டதா என்றால், இல்லை. தூக்கம் கெட்ட நாள்களில், புது வேலையில் பாராட்டு வரும் நாள்களில் எட்டிப் பார்க்கும் என்கிறார். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று இருக்கப் பழகிவிட்டார். மருந்தை மருத்துவர் மெதுவாகக் குறைத்துவருகிறார்.

இப்போது மாற்றியிருப்பவை

மேடை ஒப்பந்தத்தில் கதாபாத்திரத்தின் பெயர் முன்கூட்டியே கோடாக வரையப்பட்டிருக்கும், நடிகர் அதன்மேல் வெறும் கிறுக்கல் போட்டால் போதும். ஒத்திகை முடிந்ததும் வேடத்தைக் கழற்றுவதற்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்குகிறோம்: உடை மாற்றி, சொந்தப் பெயர்களில் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் கிளம்புவது. இதையும் ஒரு சடங்காக எவராவது பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால் ஒரே மாதிரிச் செய்வதில்லை. வேடம் ஒதுக்கும் முன் கதையில் என்ன வருகிறது என்று எல்லோரிடமும் சொல்லி, சங்கடமானவர் காரணம் சொல்லாமலே மறுக்கலாம் என்று வைத்திருக்கிறோம். ஒருவர் ஒரே உறுதிமொழியை மூன்றாம் முறை கேட்டால் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, மருத்துவரைப் பார்ப்பது பற்றிப் பேச்செடுப்பது என்பதும் எழுதாத விதியாகிவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்நியனாக நடித்தவருக்குக் காட்சியில் காகிதமே வேண்டாம், கைகுலுக்கினால் போதும். எனக்குக் காகிதம் வேண்டும், அது இல்லாமல் காட்சி நிற்காது. பாடகனாக நடித்தவரைக் கேட்டோம். "காகிதம் இருக்கட்டும்ணா, மையில மட்டும் கோந்தைக் குறைங்க, கையில ஒட்டுது" என்றார்.